அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு: மகன் என்ன செய்யலாம்?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கிறீர்கள், வயது 38, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட். அப்பா 51 வயதில் ஒரு நாள் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்குச் சிகரெட் இல்லை, குடி இல்லை, ஒல்லியான உடம்பு. பெரியப்பாவுக்கும் பைபாஸ் நடந்திருக்கிறது. நீங்கள் இப்போது ஓட்ஸ் சாப்பிடுகிறீர்கள், தினம் பத்தாயிரம் அடி நடக்கப் பார்க்கிறீர்கள், சிகரெட்டை விட்டுவிட்டு வேப் (மின் சிகரெட்) பிடிக்கிறீர்கள். கூட வேலை செய்பவர் சொன்னார் என்று பூண்டு மாத்திரையும் தினம் ஓர் ஆஸ்பிரினும் போடலாமா என்று யோசிக்கிறீர்கள். 43 வயது அண்ணன் எதையும் காதில் வாங்குவதில்லை என்ற கவலை வேறு. மேலோட்டமாகப் பார்த்தால் இதயத்துக்கு எது நல்லது என்று கேட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் கடைசி வரியில்தான் உங்கள் கேள்வியே இருக்கிறது: "எங்கள் ரத்தத்திலேயே இருக்கிற ஒன்றுக்கு நான் வீணாக ஓடிக்கொண்டிருக்கிறேனா?" அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. பினாங்கில் 30 ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக் காலம் இதய வார்டில் போனது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு நடையும் சாப்பாடும் சொல்லித்தரும் வகுப்பையும் பல ஆண்டுகள் நடத்தினேன். உங்கள் ரத்தப் பரிசோதனை எதையும் நான் பார்க்கவில்லை, அதனால் உங்களுக்கு ஆபத்து எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. மருந்து பற்றி நான் சொல்வதை உங்களைப் பார்த்துப் பரிசோதிக்கும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நேரடிப் பதில்: வீணாக ஓடவில்லை. அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் டாக்டர்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். உங்களுக்கு அந்தக் குறி உண்டு, அதை அழிக்க முடியாது. ஆனால் 2016இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவையும் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். மரபணு வழியில் அதிக ஆபத்து உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், புகைக்காமல், உடம்பை அசைத்து, எடை ஏறாமல், ஓரளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி அளவுக்குத்தான் இதய நோய் வந்தது. இதில் ஒரு குறையும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பழக்கத்தை மாற்றச் சொல்லிச் செய்த சோதனையும் இல்லை, இருந்த பழக்கத்தைக் கவனித்துச் சொன்னதுதான். அதனால் "பாதி" என்ற அளவு நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் ஆட்களைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வந்தது. முதல் மாரடைப்புக்குக் காரணமானவற்றில் பத்தில் ஒன்பது பங்கை ஒன்பது விஷயங்களுக்குள் அடக்கிவிடலாம் என்று காட்டியது: புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், இனிப்பு நீர் (நீரிழிவு), தொப்பை, மன அழுத்தம், காய் பழம் குறைவு, உடற்பயிற்சி இல்லாமை, மது (மற்றவை ஆபத்தைக் கூட்டின, மிதமான மது மட்டும் அந்த ஆய்வில் சற்றுக் குறைத்ததாகத் தெரிந்தது). அதே ஆய்வில் தெற்காசியர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, மற்றவர்களுக்குச் சராசரி 59 வயதை ஒட்டி வந்த முதல் மாரடைப்பு நம் பக்கத்து மக்களுக்கு 53இல் வந்திருந்தது. படித்ததும் பயந்துதான் போனேன். அப்புறம் காரணத்தைப் படித்தேன். நம் ரத்தம் ஏதோ சபிக்கப்பட்டது என்று அதில் இல்லை. அதே விஷயங்கள் நமக்கு இளம் வயதிலேயே கூடுதலாக இருந்ததுதான் பெரும்பாலும் காரணம். இங்கேயும் அப்படித்தான். 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் வயது வந்தவர்களில் பத்தில் மூன்று பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. மற்ற இனத்தவரைவிட அது அதிகம்.

இப்போது அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். "அவருக்கு ஒரு வியாதியும் இல்லை." வார்டில் எத்தனையோ மனைவிமார் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். நான் அடுத்துக் கேட்பேன்: "கடைசியாக எப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது. ரத்த அழுத்தம் வலிக்காது, கொழுப்பு வலிக்காது, இனிப்பு நீர் ஆரம்பத்தில் வலிக்காது. ஒல்லி என்பதும் நம் விஷயத்தில் நம்பக்கூடிய சாட்சி இல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கும் உடம்பு நம்மில் நிறைய. உங்கள் அப்பாவின் அளவுகள் என்னவென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. உங்கள் அளவுகளை இந்த வாரமே தெரிந்துகொள்ள முடியும். ஓட்ஸுக்கும் பத்தாயிரம் அடிக்கும் முன்னால் செய்ய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கத்து அரசு கிளினிக்குக்குப் போனால் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். "அப்பா 51 வயதில் மாரடைப்பில் இறந்தார்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் 38 வயது ஆணை அவசரமாகப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு மூன்றும் வேண்டும். கிளினிக்கில் ரத்த அழுத்தம் 140க்கு 90ஐத் தாண்டினால், வீட்டில் எடுத்தால் 135க்கு 85ஐத் தாண்டினால், திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். நடுத்தர வயதில் மேல் அளவு ஒவ்வொரு 20 கூடும்போதும் இதய நோயிலும் பக்கவாதத்திலும் இறக்கும் ஆபத்து இரண்டு மடங்காகிறது. இது லட்சக்கணக்கானவர்களை வைத்துக் கண்டுபிடித்த கணக்கு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 7க்கு (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) வந்தால் இனிப்பு நீர் என்பார்கள். கொழுப்பில் எல்.டி.எல் என்ற வரியைப் பாருங்கள், கெட்ட கொழுப்பு அதுதான், அதே மில்லிமோல் கணக்கு. 4.9ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, குடும்பத்தில் வழிவழியாக வரும் கொழுப்பு நோயா என்று டாக்டரிடம் கேளுங்கள். உலக அளவில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அது உண்டு. அந்த ஒருவர் எவ்வளவு ஓடினாலும், எவ்வளவு ஓட்ஸ் சாப்பிட்டாலும் அந்த அளவு போதுமான அளவுக்கு இறங்காது, மருந்து வேண்டும். இளம் வயதில் அப்பாவை இழந்த உங்களைப் போன்றவர்களுக்கு இது முக்கியம். எல்.பி.(ஏ) என்ற இன்னொரு வகைக் கொழுப்புக்கும் பரிசோதனை இருக்கிறது. அது பிறப்பிலேயே முடிவாகிவிடும் அளவு, வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். எல்லா இடத்திலும் எடுக்கமாட்டார்கள். முடிந்தால் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் ஓர் அளவு நாடாவை எடுத்து இடுப்பையும் அளந்துவிடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். ஆசிய ஆண்களுக்கு வரம்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. எடைக் கருவியைவிட இந்த நாடாவை நான் அதிகம் நம்புகிறேன்.

சிகரெட்டை விட்டது நீங்கள் செய்ததிலேயே பெரிய காரியம். இன்டர்ஹார்ட் கணக்கில் புகைப்பவருக்கு முதல் மாரடைப்பு வரும் வாய்ப்பு புகைக்காதவரைப்போல மூன்று மடங்கை ஒட்டி இருந்தது. விட்ட ஓராண்டிலேயே அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது. வேப்பில் சிகரெட்டின் தார் இல்லை என்பது உண்மை. ஆனால் நிக்கோட்டின் உள்ளே போனால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும் என்பதும் உண்மை. இருபது முப்பது ஆண்டு வேப் பிடித்தவர்களின் இதயம் எப்படி இருக்கும் என்று சொல்ல இன்னும் காலம் போகவில்லை, அது புதுப் பொருள். சிகரெட்டிலிருந்து இறங்க ஒரு படியாக வைத்திருந்தால் சரி, அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். சுகாதார அமைச்சின் கிளினிக்குகளில் புகை நிறுத்தும் ஆலோசனை உண்டு, வேப்புக்கும் கேட்கலாம்.

சாப்பாட்டில் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், ஏனென்றால் நம் ஊரில் இதயம் கெடுவதும் தேறுவதும் பெரும்பாலும் கடை மேசையில்தான். வகுப்பில் நான் ஒரு கண்ணாடிக் கிளாஸும் ஒரு டின் இனிப்புப் பாலும் கொண்டுபோவேன். தே தாரேக் (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) போடும் தம்பி எப்படி ஊற்றுவாரோ அப்படியே பாலைக் கிளாஸின் அடியில் ஊற்றி, தேநீர் சேர்க்காமல் சுற்றிக் கொடுப்பேன். ஒவ்வொருவரும் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்ப்பார்கள். அந்த மஞ்சள் பால் மெதுவாக, தேன் மாதிரி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகரும். அந்தப் பாலின் எடையில் பாதி சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி என்றால் நான்கு ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை ஆகிவிடும். அதற்கு மேல் சீனி போடும் கடையும் உண்டு. 12 மணி நேர ஷிஃப்டில் மூன்று கிளாஸ் குடித்தால் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரே நாளில் தே ஓ கோசோங்குக்கு, அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு, மாறச் சொன்னால் யாரும் மாறமாட்டார்கள், மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் குராங் மானிஸ் (இனிப்புக் குறைவாக), அப்புறம் மூன்று கிளாஸ் இரண்டாகட்டும், அப்புறம் ஒன்றைக் கோசோங் ஆக்குங்கள். நாக்கு பழகுவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பழகிய பிறகு பழைய கிளாஸ் தித்திப்பாக இருக்கிறது என்று அவர்களே சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

சோற்றோடு பல கறிக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டாரை விடச் சொல்ல நான் வரவில்லை. பினாங்கில் பிறந்தவளால் அது முடியாது. அந்தக் காலத்தில் அதை விற்றவர்கள் தோளில் கண்டார் தடியைச் சுமந்து துறைமுகம் வரை நடந்தார்கள், வாங்கிச் சாப்பிட்டவர்கள் மூட்டை தூக்கினார்கள். என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர். நாம் சாப்பிடுவதைவிட அதிகச் சோறு சாப்பிட்டார், ஆனால் அந்தச் சோறு மத்தியானத்துக்குள் காலிலேயே கரைந்துவிடும். நாம் அதே தட்டை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் தட்டைக் கொஞ்சம் திருத்த வேண்டும். கறிக் குழம்பைப் பஞ்சிர் (வெள்ளமாக) ஊற்றச் சொல்லாதீர்கள். எண்ணெயும் உப்பும் அந்தக் குழம்பில்தான் இருக்கின்றன, சோறும் அதை உறிஞ்சிக்கொண்டு ஒரு பிடி கூடுதலாக இறங்கும். பொரித்த கோழிக்குப் பதில் குழம்பில் வெந்த மீன், அதோடு வெண்டைக்காயோ முட்டைக்கோஸோ இரண்டு கரண்டி. சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" இதுதான். கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, அரைத் தட்டு காயும் பழமும். வெளியில் அரைத் தட்டு காய் கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் நாளில் கங்கோங் கீரையையும் பயறையும் கூட்டிச் சமைத்து அந்தக் குறையை ஈடுகட்டுங்கள்.

உப்பைப் பற்றி நம் வீடுகளில் ஒரு தப்பு நினைப்பு உண்டு. சாப்பாட்டில் உப்புத் தூவவில்லை, அதனால் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம் என்று நினைக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிற்கச் சொல்கிறது. மலேசியர்கள் சராசரியாக 8 கிராமை ஒட்டிச் சாப்பிடுகிறோம். அது கிச்சாப்பில் (சோயா சாஸ்), கருவாட்டில், இக்கான் பிலிஸில் (நெத்திலி), ஊறுகாயில், அப்பளத்தில், மேகி பாக்கெட்டில் ஒளிந்துகொண்டு வருகிறது. பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. இரவு ஷிஃப்டில் நீங்கள் சாப்பிடும் உடனடி மீயின் (நூடுல்ஸ்) பாக்கெட்டை ஒரு நாள் இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மசாலாத் தூளில் பாதியைக் கொட்டிவிட உங்களுக்கே தோன்றும். கல்லுப்பு, கடலுப்பு, இமயமலை உப்பு எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சோடியம்தான், விலை மட்டும் வேறு.

எண்ணெய் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: செறிவுற்ற கொழுப்பு கூடினால் எல்.டி.எல் கூடும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அந்த வகைதான், செம்பனை எண்ணெயில் பாதி. தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று பகிரப்படும் காணொளிகளுக்கு என்னால் உடன்பட முடியாது. ஆனால் இரண்டு வெள்ளி ஐம்பது காசு பாக்கெட் எண்ணெயில் சமைக்கும் குடும்பத்திடம் போய் ஆலிவ் எண்ணெய் வாங்குங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த எண்ணெயையே பாதியாகக் குறைத்து ஊற்றினாலே நல்லது நடக்கும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

நடைக்கு வருவோம். பத்தாயிரம் என்ற எண் மருத்துவர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. அதற்கும் கீழேயே, ஏழெட்டு ஆயிரத்திலேயே பலன் நன்றாகத் தெரிகிறது. ஷிஃப்ட் முடிந்து 6,000தான் ஆனது என்று மனம் உடைய வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு வாரத்துக்கு 150 நிமிட வேகநடை. பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். அசைவு இதயத்தைக் காக்கிறது என்று முதலில் தெளிவாகக் காட்டியது லண்டன் பேருந்துகள். ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்டார். இரண்டு மாடிப் பேருந்தில் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. ஒரே பேருந்து, ஒரே நிர்வாகம். எனக்கு இன்றும் பிடித்த ஆய்வு அது. உங்களுக்கும் தொழிற்சாலையில் படி இருக்கும், லிஃப்டை விடுங்கள். விடுமுறை நாளில் தீவுப் பக்கம் வந்தால் தண்ணீர்மலைக்கு வாருங்கள். தாவரவியல் பூங்காவைச் சுற்றி விடியற்காலையில் எழுபது வயதுக்காரர்கள் நடப்பதைப் பார்க்கலாம். முருகன் கோயில் 513 படியையும் எடுத்தவுடன் ஏறிவிட வேண்டாம். முதலில் தரையில் ஒரு மாதம் நடந்து பழகிவிட்டு, பிறகு நின்று நின்று ஏறுங்கள். ஏறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடித்தால், நின்றதும் அது விட்டுவிட்டாலும், அன்றே டாக்டரைப் பாருங்கள். புகைமூட்டம் அடர்ந்த நாளில் வெளியே நடக்காதீர்கள், வீட்டுக்குள்ளேயே அசையுங்கள்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இரவு ஷிஃப்ட் ஆளுக்கு நான் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் தன் இதய நலப் பட்டியலில் எட்டாவதாகத் தூக்கத்தைச் சேர்த்தது. ஷிஃப்ட் வேலை பல ஆண்டுகள் செய்தவர்களுக்கு இதய நோய் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அது தூக்கக் குறைவாலா, நேரங்கெட்ட சாப்பாட்டாலா, சிகரெட்டாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இரவு வேலை பார்த்தவள். எனக்கு உதவியது மூன்று விஷயம். விடியற்காலை நான்கு மணிக்குப் பெரிய சாப்பாடு சாப்பிடமாட்டேன். வீட்டுக்கு வந்தால் ஜன்னலில் கறுப்புத் துணி போட்டுவிடுவேன். போனை வேறு அறையில் வைத்துவிடுவேன். நீங்கள் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுவதாக மனைவி சொன்னால், அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும் தனி நோய்.

இப்போது பூண்டு மாத்திரை, ஆஸ்பிரின். பூண்டைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், நல்லது. மாத்திரையாக விற்பது மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. சாதாரண ஆட்களுக்கு வைட்டமின் மாத்திரைகளும் அப்படியே. பெரிய சோதனைகளில் பலன் தெரியவில்லை. ஆஸ்பிரினைத் தயவுசெய்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. வராதவர்கள் தினமும் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்த மூன்று பெரிய சோதனைகள் 2018இல் வெளிவந்தன. கிடைக்கும் சின்ன நன்மையை வயிற்றிலும் மற்ற இடங்களிலும் வரும் ரத்தக் கசிவு தின்றுவிடுகிறது என்பதுதான் அவற்றிலிருந்து தெரிந்தது. வார்டில் இப்படிக் கறுப்பாக மலம் போய் மயங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முட்டை விஷயம் இன்னும் வாதத்தில் இருக்கிறது. இனிப்பு நீர் இல்லாதவர்களுக்கு நாளுக்கு ஒன்று பெரிய கேடு செய்வதாகத் தெரியவில்லை என்பது என் எண்ணம். கொஞ்சம் மது இதயத்துக்கு நல்லது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், இப்போது அந்த நம்பிக்கை தேய்ந்துவிட்டது. குடிக்காதவர் அதற்காகத் தொட வேண்டியதில்லை.

மருந்துக்குப் பயப்பட வேண்டாம் என்றும் ஒரு வார்த்தை. பரிசோதனையில் எல்.டி.எல் அதிகம் என்று வந்து டாக்டர் ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மருந்து) எழுதினால், பழக்கத்தால் தோற்றுப்போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். எல்.டி.எல் ஒரு மில்லிமோல் (4லிருந்து 3 என்பது போல) இறங்கினால் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. இவ்வளவு உறுதியாகச் சோதிக்கப்பட்ட மருந்துகள் குறைவு. தசை வலி வரும் என்ற பயத்தில் பாதியில் நிறுத்துகிறவர்கள் நம்மில் அதிகம். உண்மை மருந்தையும் பொய் மாத்திரையையும் யாருக்கு எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, அந்த வலிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை மருந்தால் வந்தவை இல்லை என்று தெரிந்தது. வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார், மருந்தை மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு வரும். அதனால் இதையும் தெரிந்துவைத்திருங்கள். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள், நாற்பத்தைந்து வயது இருக்கும். இரவு பதினொரு மணிக்கே நெஞ்சு பிடித்திருக்கிறது. வாயு என்று நினைத்து மனைவி சீரகத் தண்ணீர் கொடுத்து, கோடாலித் தைலத்தை நெஞ்சு முழுக்கத் தேய்த்துவிட்டிருக்கிறார். அறைக்குள் நுழையும்போதே அந்த வாசம். ஈசிஜி எடுக்க ஸ்டிக்கரை ஒட்டினால் எண்ணெயில் வழுக்கி வழுக்கி விழுந்தது. ஸ்பிரிட் பஞ்சால் நெஞ்சைத் துடைத்துத் துடைத்து ஒட்டினேன். அவர் பிழைத்தார். ஆனால் ஏழு மணி நேரத்தில் இறந்துபோன தசை திரும்பவில்லை. பிறகு என் வகுப்புக்கு வந்தபோது ஒரு மாடி ஏற இரண்டு முறை நிற்பார். அந்த மனைவியை நான் குறை சொல்லமாட்டேன், அன்போடுதான் செய்தார். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இறுக்கம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸுக்கு 999ஐ அழையுங்கள். காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் அசதியும் வாந்தியும் மூச்சுத் திணறலுமாக வரலாம். உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக அண்ணன். அவருக்குப் புத்தி சொல்லப் போகாதீர்கள், அப்பாவின் பெயரை எடுத்தால் அவருக்கும் வலிக்கும், அதனால்தான் சத்தம் போடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் குடும்பம் அரசின் எஸ்.டி.ஆர் உதவித்தொகை வாங்குகிறது என்றால், நாற்பது வயது தாண்டியவர் என்பதால் குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 அரசுத் திட்டத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கி, எல்லாரும் கூடும் ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கையில் கட்டும் வகையாக வாங்குங்கள், மணிக்கட்டு வகை வேண்டாம். முதலில் நீங்கள் எடுங்கள், பிறகு அம்மாவுக்கு, பிறகு எதுவும் பேசாமல் அண்ணன் பக்கம் நகர்த்துங்கள். சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு இரண்டு முறை எடுக்க வேண்டும். மூன்று பேர் அளவையும் தேதி போட்டுச் சாமி காலண்டரில் எழுதுங்கள். காப்பி குடித்த அரை மணி நேரத்துக்குள் மட்டும் எடுத்துவிடாதீர்கள். அளவு ஏறிக் காட்டும், காப்பியால்தான் என்று சொல்லிவிட்டு அண்ணன் மறுபடி கையை நீட்டமாட்டார்.